கொண்டச்சிக் கடலிலிருந்து வளைகுடா வரை: தொழிலாளியின் உடலை வாசித்தோர் வரலாறு

மன்னார்க் கரையின் வரலாறு எழுதப்படும் போதெல்லாம் அது முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதினார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இக்கடலில் எத்தனை சிப்பி எடுத்தோம், எவ்வளவு வருமானம் கண்டோம் என்று கணக்கு வைத்தார்கள். அரிப்பில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையை எமது மக்கள் அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கிறார்கள். முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென எழுந்த அந்தக் கட்டடம் இன்று கடலரிப்பில் இடிந்து கொண்டிருக்கிறது.

முத்தின் கணக்கு இருக்கிறது. முத்தை எடுத்து வந்தவனின் உடலுக்கு என்ன கணக்கு இருக்கிறது? அவனுக்கு வந்த நோய் என்ன? அதை யார் பார்த்தார்கள்? பார்த்ததை யாரிடம் சொன்னார்கள்? இந்தக் கேள்விகளோடு பழைய ஏடுகளைப் புரட்டினால் வேறொரு வரலாறு தென்படுகிறது. தொழிலாளியின் உடல் இக்கரையில் 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பரிசோதிக்கப்பட்டே வந்திருக்கிறது. ஆனால் பரிசோதனையின் முடிவு அவனுக்குரியதாக இருந்ததில்லை. வேலை வாங்குபவருக்கே அது போய்ச் சேர்ந்தது. வைத்திய அறிக்கையின் இரகசியம், தொழிலாளியின் உரிமை என்றெல்லாம் இன்று பேசப்படுவது புதிய நாகரிகம் அல்ல, நீண்டநாள் பாக்கி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொண்டச்சிச் சலாபம்

சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட எமது கொண்டச்சியை இன்று பலர் மரமுந்திரிகைத் தோட்டத்தைக் கொண்டே அறிவர். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் கொண்டச்சிக்குடா என்றால் ஐரோப்பா வரை தெரியும். முத்துக் குளிப்பைச் சலாபம் என்பது எமது பழைய வழக்கு. சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறை என்பதன் திரிபு என்று ஊரில் சொல்வார்கள்.

இங்கு நடந்த சலாபத்தைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் றொபட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. இலங்கையைப் பற்றிய அவரது நூல் 1803இல் வெளிவந்தது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் கொண்டச்சி, மாசி முதல் சித்திரை வரை ஓலைக் குடில்களால் ஆன பெருநகராகி விடும் என்று அவர் வர்ணிக்கிறார். பல நாட்டவர், பல நிறத்தவர், பல மொழியினர் அங்கே கூடினார்கள். இரவு பத்து மணியளவில் பீரங்கி வெடித்ததும் படகுகள் தரைக்காற்றில் புறப்படும். மறுநாள் நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் திரும்பும். படகொன்றில் தண்டேலோடு இருபது பேர். பத்துப்பேர் கயிறு பிடிக்க, பத்துப்பேர் குளிப்பார்கள். ஐவர் கீழே போகும்போது ஐவர் இளைப்பாறுவார்கள். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்கி, கூடையை நிரப்பி, கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார்கள். ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை வரை இப்படி இறங்கினார் என்கிறார் பேர்சிவல்.

மேலே வந்தவரின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வடியும், பல வேளைகளில் இரத்தமும் வடியும், ஆனால் தமது முறை வந்ததும் மீண்டும் இறங்கத் தயங்க மாட்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்பதை இன்றைய மருத்துவம் எளிதாக விளக்கும். பார்கள் எனப்படும் சிப்பித் திட்டுகள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடப்பவை. கடலில் பத்து மீற்றர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகும். பத்துப் பாகத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுச்செவியிலும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் உள்ள காற்று அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது மெல்லிய நாளங்கள் வெடிக்கின்றன, செவிப்பறை கிழிகிறது. பறை கிழிந்த பின் வலி குறையும். அதைப் ‘பழகிவிட்டது’ என்பார்கள். பழகியது காது அல்ல, கிழிந்தது காது. பிற்காலத்தில் செவிடும் சீழும் மிஞ்சும்.

இரத்தத்தைப் பேர்சிவல் கண்டார், எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதே நூலில் உடற்பரிசோதனை ஒன்றைப் பற்றிய செய்தி இருக்கிறது. படகிலோ கரையிலோ வேலை செய்பவர்கள் முத்தை விழுங்கி விடுவதுண்டு. அப்படிச் சந்தேகம் எழுந்தால் வியாபாரிகள் அந்த ஆளைப் பிடித்து அடைத்து வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்து கொடுப்பார்கள். களவு போன பொருள் பல தடவைகளில் அப்படி வெளியே வந்தது என்கிறார் அவர்.

கொண்டச்சியில் மருந்து தொழிலாளியின் உடலுக்குள் போனதைப் பற்றி நாம் படிக்கும் முதற் செய்திகளுள் இது ஒன்று. அது அவன் நோய்க்காகப் போகவில்லை, முதலாளியின் பொருளைத் தேடிப் போனது. மருந்துக்கு அவன் சம்மதம் கேட்கப்படவில்லை. முடிவு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் ஐயம் இருக்கவில்லை.

கடல்கட்டிகளையும் இங்கே நினைவுகூர வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் இவர்கள் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆங்கில அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று நகைத்தார்கள், ஆயினும் கடல்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. இன்று இறங்கலாம், பயமில்லை என்று ஒருவர் சொல்லும் சொல்லுக்கு நிருவாகம் காசு கொடுத்து வாங்கியது. வேலைக்குத் ‘தகுதி’ என்ற சான்றிதழின் வேலை அன்றைக்கும் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது. ஆளைக் காப்பது அதன் முதல் நோக்கம் அல்ல, ஆளை இறக்குவதே நோக்கம்.

சிப்பியின் நோய்க்கு ஐந்து பாகம்

நூறு ஆண்டுகள் கழித்துச் சலாபம் மறிச்சுக்கட்டிக்கு நகர்ந்திருந்தது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இங்கிலாந்திலிருந்து அழைத்து வரப்பட்டார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்னெல் வந்தார். சில ஆண்டுகள் சிப்பி விளைகிறது, பல ஆண்டுகள் அழிந்து போகிறது, காரணம் என்ன என்று ஆராய்வது அவர்கள் பணி. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அந்த அறிக்கை வெளிவந்தது. சிப்பியின் உடலுக்குள் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்கள், அவற்றைச் சுற்றி முத்து விளைவது பற்றிய கருத்து, சிப்பியின் எதிரிகளான மீன்கள், அடித்தளத்து மணல் என்று ஒன்றும் விடாமல் அவர்கள் பார்த்தார்கள். அறிவியல் நோக்கில் அது மதிக்கத்தக்க உழைப்பு.

1905ஆம் ஆண்டுச் சலாபம் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் படகுக்கும், மிகுதி அரசுக்கு. தமிழகக் கரையிலிருந்து பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வந்து குளித்தார்கள். அவர்கள் எத்தனை விநாடி நீருக்குள் தங்குகிறார்கள் என்பது கடிகாரம் வைத்து அளக்கப்பட்டது. சிப்பிக்கு என்ன நோய் என்பதற்கு ஐந்து பாகம் எழுதப்பட்டது. குளித்தவரின் காதுக்கு என்ன நோய் என்பதற்கு அப்படி ஒரு பாகம் எழுதப்படவில்லை.

சலாபக் குடியிருப்பில் வைத்தியசாலை இல்லாமல் இல்லை. கச்சேரி, நீதிமன்றம், சிறை, பொலிஸ் ஆகியவற்றோடு வைத்தியசாலையும் இருந்தது. அதன் பெரிய கவலை வாந்திபேதி. 19ஆம் நூற்றாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சலாபங்கள் வாந்திபேதியால் இடைநடுவில் கலைந்தன. பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் தொற்றுநோய் வந்தால் சலாபம் நின்றுவிடும், செவிப்பறை கிழிந்தால் சலாபம் நிற்காது. ஆகவே ஒன்று பார்க்கப்பட்டது, மற்றது பார்க்கப்படவில்லை.

1906இல் மறிச்சுக்கட்டியில் பணிபுரிந்த இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர். 1961இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றுப் பாகத்தில், படகிலேயே இறந்துபோன அராபியக் குளிப்பாளர் ஒருவரைக் கரைக்குக் கொண்டுவந்த காட்சி இருக்கிறது. சூழ நின்றவர்களின் துக்கமும் அதன் கண்ணியமும் அவரைப் பல ஆண்டுகள் விட்டு நீங்கவில்லை. அந்த மனிதரின் ஜனாஸா இந்தக் கரையின் மணலில்தான் நடந்திருக்கும். சலாபத்தின் ஏட்டில் அவர் ஒரு கணக்குக் குறைவு. ஓர் இளம் அதிகாரியின் நினைவில் மட்டும் மனிதராகத் தங்கினார்.

அதே 1906இல் முத்துப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி இல்லாது போயிற்று, கம்பனியும் கலைந்தது. 1925இல் ஒரு சலாபம் நடந்தது. அதோடு கதை முடிந்தது.

மண்டபம் முகாம்

கொண்டச்சிக்கு வடக்கே இன்னொரு வாசல் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வடக்குப் பாதையில் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. அக்கரையில் மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே முகாம் ஒன்றை நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் அங்கே பல நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். வைத்தியர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். தேறியவர்கள் கப்பலேறினார்கள்.

அக்காலத்தில் தொழிலாளியின் உடலோடு தகரத் துண்டு ஒன்று பயணம் செய்தது. எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதைக் காட்டும் அடையாளம் அதில் இருக்கும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பின் தொழிலாளியின் கடனாயிற்று. இந்த ஒழுங்கில் பரிசோதனை முடிவுக்கும் தகரத் துண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் இவன் யாருக்கு உரியவன், பயன்படுவானா என்று அடுத்தவருக்குச் சொல்லும் சீட்டுகள். சுமந்து சென்றவனுக்கு வாசிக்கத் தெரியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1872இலும் 1912இலும் இலங்கையில் வந்த சட்டங்கள் தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்தைத் துரைமாரின் கடமையாக்கின. அவற்றால் உயிர்கள் பிழைத்தன. அம்மை குத்தியதாலும் பிழைத்தன. பரிசோதனை என்பதே தீமை என்று வாதிட இங்கு இடமில்லை. கேள்வி ஒன்றுதான்: பார்த்ததை அவனிடம் சொன்னார்களா?

வழி திரும்பியது

1905இல் பஹ்ரைனிலிருந்தும் குவைத்திலிருந்தும் அராபியர் எமது கரைக்குக் கூலிக்குக் குளிக்க வந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்குள் வழி திரும்பி விட்டது. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்த பின், எமது ஊர்களிலிருந்து அங்கே ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலிப் பகுதி மக்கள் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காணியும் தொழிலும் இழந்த பல குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சம்பளமே அடுப்பை எரித்தது. மீள்குடியேறிய பின்னும் வீடு கட்டியது அந்தக் காசுதான்.

போவதற்கு முன் ‘மெடிக்கல்’ எடுக்க வேண்டும். கிராமத்தில் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. வளைகுடா நாடுகளின் சுகாதார அமைப்பு அங்கீகரித்த நிலையங்களில்தான் அது எடுபடும். முன்பு ‘கம்கா’ என்றார்கள், இப்போது ‘வாஃபித்’ என்ற இணைய ஒழுங்கு. எச்.ஐ.வி., ஈரலழற்சி, சிபிலிஸ், காசநோய் ஆகியவற்றுக்குப் பரிசோதனை. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. முடிவு ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’. எக்ஸ்ரேயில் எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’ ஆகலாம். முடிவு கணினி வழியே போவதால் ஒரு நாட்டுக்குத் தகாதவர் மற்ற நாடுகளுக்கும் தகாதவர் ஆகிறார். போய்ச் சேர்ந்த பின் மறுபரிசோதனையில் தவறினால் திருப்பி அனுப்புவார்கள். செலவைப் பெரும்பாலும் வேலை தேடுபவரே சுமக்கிறார்.

காரணம் விளங்கும்படி சொல்லப்படாமல் திரும்பியவர்கள் எமது பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆங்கிலத்தில் வந்த தாளை வாசித்துச் சொல்லும்படி சிலர் ஆசிரியர்களாகிய எங்களிடம் கொண்டு வருவார்கள். ‘சேர், இதில என்ன போட்டிருக்கு?’ என்று கேட்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தனது உடலில் என்ன இருக்கிறது என்பதை அறிய அவர் அடுத்தவரை நம்பி நிற்கிறார். அவருக்கு முன்பே ஏசண்டுக்குத் தெரியும், நிலையத்தின் எழுதுவினைஞருக்குத் தெரியும், கடல் கடந்த அலுவலகத்துக்குத் தெரியும். இப்போது ஆசிரியருக்கும் தெரியும். சில நாட்களில் கடைத்தெருவுக்கும் தெரிந்துவிடும். ‘அன்ஃபிட்’ என்று வந்தவனுக்கு என்ன நோய் என்று ஊர் தானே ஒரு பெயர் வைத்துவிடும். குமரி இருக்கும் வீடாயின் அந்தப் பெயர் அவளையும் தொடரும். அவனுக்கு இருந்தது ஆறிய தழும்பு மட்டுமே என்பதை யார் விளக்குவது?

பேதி மருந்து கொடுத்து அடைத்து வைத்த கொண்டச்சிக்கும் இதற்கும் இடையில் 200 ஆண்டுகள். கருவி மாறிவிட்டது, கண்ணியம் கூடியிருக்கிறது. ஆனால் முடிவு போகும் திசை பெரிதாக மாறவில்லை.

சட்டம் சொல்வது

திசையை மாற்றும் முயற்சி உலகில் நடந்திருக்கிறது. 1985இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தொழில்சார் சுகாதார சேவைகள் பற்றிய 161ஆம் சமவாயத்தையும் 171ஆம் விதந்துரையையும் ஏற்றுக்கொண்டது. தொழில் தொடர்பான சுகாதாரக் கண்காணிப்பால் தொழிலாளியின் சம்பளம் குறையக்கூடாது, அவருக்குச் செலவு வரக்கூடாது என்கிறது சமவாயம். விதந்துரை இன்னும் நுட்பமானது. அதன்படி பரிசோதனைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நோய் என்ன, நிலை என்ன என்ற முழு முடிவு தொழிலாளிக்கு. இந்த வேலைக்குத் தக்கவரா, எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்ற முடிவு மட்டும் வேலை கொடுப்பவருக்கு. முதலாளிக்குப் போகும் தாளில் மருத்துவத் தகவல் எதுவும் இருக்கக்கூடாது. இந்தப் பிரிவினையே முழு விடயத்தின் திறவுகோல். 1997இல் அதே அமைப்பு தொழிலாளரின் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாப்பதற்கான நடைமுறைக் கோவையை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டின் 200ஆம் விதந்துரை, வேலைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாது என்றது. இதில் புலம்பெயர் தொழிலாளரும் அடங்குவர்.

அயல்நாட்டு நீதிமன்றங்களில் இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு வந்தவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தற்காலிகக் கூலித் தொழிலாளி. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. வேலை செய்யும் உடல்தகுதி இருக்கும்போது, பிறருக்கு ஆபத்து இல்லாதபோது, நோயின் பெயரை மட்டும் வைத்து வேலையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தமது பெயரை வெளியிடாமல் வழக்காட அனுமதித்ததும் அத்தீர்ப்பின் சிறப்பு. மறுவருடம் இந்திய உச்சநீதிமன்றத்தில் வந்த வழக்கு வேறு மாதிரி. வைத்தியசாலை எச்.ஐ.வி. நிலையை வெளியே சொன்னதால் ஒருவரின் திருமணம் நின்றது. மணமகளின் உயிர்ப் பாதுகாப்பு இரகசியத்தை விடப் பெரியது என்றது நீதிமன்றம். இரகசியம் எல்லையற்றது அல்ல என்பதை இரண்டாம் வழக்கு காட்டுகிறது. அந்த எல்லை பிறரின் உயிருக்கு நேரும் உண்மையான ஆபத்தே, முதலாளியின் வசதி அல்ல என்பதை முதல் வழக்கு காட்டுகிறது. 2017இல் இந்தியா எச்.ஐ.வி. பற்றித் தனிச்சட்டமே இயற்றியது.

இலங்கையில் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுநிறுவனங்களின் கதவைத் திறந்தபோதும் ஒரு கதவை மூடியே வைத்தது. ஒருவரின் மருத்துவப் பதிவை அவரது எழுத்து மூலச் சம்மதமின்றி மற்றவருக்குக் கொடுக்க முடியாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட கவனத்துக்குரியதாக வகுத்தது, ஆயினும் அதன் பிரதான பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அது கொழும்பு நிலையத்தின் மேசையையும் ஏசண்டின் கோப்பையும் சென்றடைவதே மிச்சம்.

ஒரு மறுப்பு

தொற்றுநோய் உள்ளவரை மறைத்து வைத்தால் மற்றவர்கள் அழிய மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாந்திபேதி கண்ட கரை இது. ஆனால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் 1897ஆம் ஆண்டிலிருந்தே தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம் உண்டு. அறிவிக்க வேண்டிய நோயைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவரிடம் சொல்வது நோயைத் தடுக்க. முதலாளியிடம் சொல்வதும் ஊரிடம் சொல்வதும் ஆளைத் தடுக்க. சொல்லும் திசையைப் பொறுத்தே சொல் மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிறது.

2020இல் இதை நாடே பார்த்தது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனாத் தொற்று வெளிப்பட்டபோது, தொழிலாளிப் பெண்கள் நோயாளிகளாகப் பார்க்கப்படுமுன் குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். எமது சமூகத்துக்கு அதைவிட ஆழமான காயம் ஒன்றும் உண்டு. 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்கள், மறுபடி பரிசோதியுங்கள் என்று குடும்பங்கள் கெஞ்சின. ஒரு தாளில் எழுதப்பட்ட முடிவு யார் கையில் இருக்கிறதோ, உடலின் மீதான அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது என்பதை அந்த மாதங்கள் எமக்குக் கற்பித்தன.

அமானிதம்

குற்றத்தை வெளிநாட்டவர் மீதும் கொழும்பின் மீதும் மட்டும் சுமத்துவது எளிது. நான் முன்பு படிப்பித்த பாடசாலை ஒன்றில் ஆசிரியை ஒருவர் நீண்ட மருத்துவ விடுமுறை எடுத்தார். அவரது வைத்தியச் சான்றிதழ் காரியாலய மேசையில் திறந்தபடி கிடந்தது. தேநீர் இடைவேளைக்குள் அவரது நோயின் பெயர் ஆசிரியர் அறை முழுவதும் பரவிவிட்டது. திரும்பி வந்தவரிடம் எல்லோரும் அன்பாகவே நலம் விசாரித்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். அங்கே கெட்ட எண்ணம் யாரிடமும் இருக்கவில்லை. ஒரு தாளை மூடி வைக்க வேண்டும் என்ற உணர்வுதான் இருக்கவில்லை.

எமக்கு இந்த உணர்வு புதிதல்ல, அதற்கு எம்மிடம் அமானிதம் என்ற சொல் இருக்கிறது. பொன்னும் பணமும் மட்டும் அமானிதம் அல்ல, நம்பிச் சொன்ன வார்த்தையும் அமானிதமே என்பது எமது வீடுகளில் சிறுவயதிலேயே சொல்லித் தரப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டளவில் ருஹா நகரத்தவரான இஸ்ஹாக் இப்னு அலீ அல்ருஹாவி வைத்தியர் ஒழுக்கம் பற்றித் தனி நூலே அரபு மொழியில் எழுதினார். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது அந்த மரபில் வைத்தியரின் கடமைகளுள் ஒன்று. ஆகவே தொழிலாளியின் வைத்திய அறிக்கையைக் காக்க வேண்டும் என்பதை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்க எமக்கு நியாயமில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். எமது பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆசிரியர்களும் வெளிநாடு செல்வோருக்கு மூன்று விடயங்களையாவது சொல்லிக் கொடுக்க முடியும். முதலாவது, அறிக்கையின் பிரதி ஒன்றைத் தமது கையில் கேட்டுப் பெற வேண்டும். ‘அன்ஃபிட்’ என்றால் எதனால் என்று வைத்தியரிடமே கேட்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தாளோடு மன்னாரிலோ புத்தளத்திலோ உள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வேலைக்குத் தகாது என்ற சொல் வைத்தியத்தின் முடிவல்ல, அதன் தொடக்கம். காசநோய்க்கு இங்கே இலவச சிகிச்சை இருக்கிறது. மூன்றாவது, ஏசண்டிடமோ வேறு எவரிடமோ முழு அறிக்கையை ஒப்படைக்கும் முன் இது உங்களுக்கு ஏன் தேவை என்று கேட்கும் துணிவு வேண்டும். வாசித்துச் சொல்லும் எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கதவைச் சாத்திவிட்டு வாசிக்க வேண்டும். வாசித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

கொண்டச்சிக்குடாவில் குளித்தவர்களின் பெயர்கள் எமக்குத் தெரியாது. அவர்கள் எடுத்த முத்துக்களின் எண்ணிக்கை தெரியும், அவர்களின் காதுகள் எப்போது கேளாமல் போயின என்பது தெரியாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது விமான நிலையத்தில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் தாளை முதலில் வாசிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.